குடியேற்றக் கால அமெரிக்காவில் மட்டை-பந்து விளையாட்டுகள்: தொடக்ககாலச் சான்றுகள்

பேஸ்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், "ஆப்னர் டபிள்டே, 1839, கூப்பர்ஸ்டவுன்" என்ற விடை நெடுங்காலமாகப் பொது அறிவு நூல்களில் இடம்பெற்று வந்தது. அந்த விடை தவறானது. டபிள்டே பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த விளையாட்டின் பெயர் அச்சில் வந்துவிட்டது. அதற்கும் முன்னரே மட்டையும் பந்தும் கொண்ட பல விளையாட்டுகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்று சேர்ந்திருந்தன.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்தவர்கள் இவ்விளையாட்டுகளை ஆடினார்கள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகளை இக்கட்டுரை கால வரிசையில் தொகுத்துத் தருகிறது. இவற்றில் பெரும்பாலானவை விளையாட்டைப் பற்றி எழுதுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. வேலை கெட்டது, சன்னல் உடைந்தது, படிப்புக்கு இழுக்கு நேர்ந்தது என்று யாரோ ஒருவர் குறைப்பட்டபோதுதான் விளையாட்டு ஏட்டில் ஏறியது. இதை மனத்தில் கொண்டு படித்தால் ஒவ்வொரு சான்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவாகும்.

இங்கிலாந்தில் ஒரு முன்னோடிச் சான்று

அமெரிக்காவுக்குச் செல்லும் முன் ஓர் ஆங்கிலேயச் சான்றைப் பார்ப்பது நல்லது. கிரிக்கெட் பற்றிய ஐயத்துக்கிடமற்ற பழைய குறிப்பு 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்கிழக்கு இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள கில்ட்ஃபோர்ட் நகரில் ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. அதில் சாட்சி சொன்ன ஜான் டெரிக் என்ற முதியவர், தாம் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது தோழர்களுடன் அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடியதாகக் கூறினார். அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 59. ஆகவே அவர் குறிப்பிட்ட ஆட்டம் 1550ஆம் ஆண்டையொட்டி நடந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது நிலத்தின் வரலாறு மட்டுமே. ஆட்டத்தின் பெயர் அந்தச் சாட்சியத்தில் தற்செயலாக இடம்பெற்றது. நில வழக்கு வராமல் இருந்திருந்தால் கிரிக்கெட்டின் எழுதப்பட்ட வரலாறு இன்னும் பிந்தியே தொடங்கியிருக்கும். அமெரிக்கச் சான்றுகளும் பெரும்பாலும் இந்த வகையினவே.

1621: பிளிமத் குடியேற்றத்தின் கிறிஸ்துமஸ் நாள்

1620இல் மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையை அடைந்து பிளிமத் குடியேற்றத்தை நிறுவினர். முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துவிட்டனர். 1621 நவம்பரில் ஃபார்ச்சூன் என்ற கப்பலில் மேலும் 35 பேர் வந்தனர். உணவுக் கையிருப்பு குறைவு. வீடு கட்டவும் விறகு வெட்டவும் ஆள் பற்றவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை என்று கருதிய முதல் குடியேறிகளுக்கு டிசம்பர் 25 மற்ற நாள்களைப் போல ஒரு வேலை நாளே.

அன்று காலை ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் எல்லோரையும் வேலைக்கு அழைத்தார். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர், அந்த நாளில் வேலை செய்வது தங்கள் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்றனர். ஆளுநர் அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுடன் வேலைக்குப் போனார். நண்பகலில் திரும்பி வந்து பார்த்தால், மறுத்தவர்கள் தெருவில் வெளிப்படையாக விளையாடிக் கொண்டிருந்தார்கள். சிலர் கனமான தண்டைத் தூக்கி எறியும் ஆட்டத்திலும் சிலர் 'ஸ்டூல்-பால்' ஆட்டத்திலும் ஈடுபட்டிருந்தனர். ஆளுநர் விளையாட்டுக் கருவிகளைப் பறிமுதல் செய்தார். மற்றவர்கள் உழைக்கும்போது இவர்கள் விளையாடுவது தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என்று அவர்கள் வாதத்தையே அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். வழிபாடு என்றால் வீட்டுக்குள் இருங்கள், தெருவில் கூத்து கூடாது என்பது அவருடைய ஆணை.

ஸ்டூல்-பால் என்பதை முக்காலிப் பந்து எனலாம். ஒருவர் முக்காலியின் மேல் படுமாறு பந்தை எறிவார். இன்னொருவர் அது படாமல் தடுத்து அடிப்பார். கிரிக்கெட்டில் ஸ்டம்பைக் காப்பது போன்ற அமைப்பு இது. பழைய வடிவங்களில் பந்தைக் கையால் அடிப்பதும் உண்டு. பிளிமத்தில் மட்டை இருந்தது என்று பிராட்ஃபோர்டின் குறிப்பு சொல்லவில்லை. எனவே இதை மட்டை-பந்து விளையாட்டுக் குடும்பத்தின் சான்று என்று கொள்ளலாமே தவிர, மட்டைக்கான நேரடிச் சான்று என்று கொள்ள முடியாது.

இந்தச் சான்று நமக்குக் கிடைத்ததே ஒரு நற்பேறு. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் படி நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 1855இல் அது லண்டன் ஆயரின் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு, மறு ஆண்டு அச்சேறியது. மூலப் படி 1897இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது.

1659: டச்சுக்காரர்களின் சன்னல்கள்

இன்றைய நியூயார்க் பகுதி அப்போது நியூ நெதர்லாந்து என்ற டச்சுக் குடியேற்றமாக இருந்தது. அதன் வடபகுதியில் ஆரஞ்சுக் கோட்டையும் அதை ஒட்டிய பெவர்வைக் ஊரும் இருந்தன. இன்றைய ஆல்பனி நகரம் இவ்விடத்தில்தான் உள்ளது. 1659 டிசம்பரில் அவ்வூர் நீதிமன்றத்தார் ஓர் ஆணை பிறப்பித்தனர். தெருக்களில் 'கோல்ஃப்' ஆடக்கூடாது. அதனால் வீட்டுச் சன்னல்கள் சேதமடைகின்றன, தெருவில் செல்பவர்களுக்கும் காயம் ஏற்படும் நிலை உள்ளது என்பது அதன் சாரம். மீறினால் 25 ஃபுளோரின் அபராதம்.

டச்சுக்காரர்களின் இந்த ஆட்டம் வளைந்த கோலால் பந்தை ஓர் இலக்கை நோக்கி அடித்துச் செல்வது. ஒருவர் பந்தை எறிய மற்றவர் அடிக்கும் வகை அன்று. ஆனாலும் கோலும் பந்தும் கொண்டு ஊர்த் தெருவில் ஆடினார்கள், ஆணை போட்டுத் தடுக்கும் அளவுக்கு அடிக்கடி ஆடினார்கள் என்பதை இந்த ஆவணம் காட்டுகிறது. கண்ணாடி அக்காலக் குடியேற்றங்களில் விலையுயர்ந்த பொருள். உடைந்தால் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும்.

1709: வில்லியம் பேர்டின் மறைகுறிப்பு நாட்குறிப்பு

குற்றச்சாட்டாக இல்லாமல், ஆடியவரே எழுதிய சான்று அடுத்த நூற்றாண்டில் கிடைக்கிறது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் வெஸ்டோவர் என்ற பெரிய பண்ணையின் உரிமையாளர் வில்லியம் பேர்ட். 1674இல் பிறந்தவர், இங்கிலாந்தில் கல்வி கற்றவர். அவர் தம் அன்றாட வாழ்க்கையைச் சுருக்கெழுத்தில், பிறர் படிக்க முடியாத வகையில் எழுதி வைத்தார். 1709 முதல் 1712 வரையிலான பகுதி படித்தறியப்பட்டு 1941இல்தான் நூலாக வெளிவந்தது.

1709 ஏப்ரல் மாதக் குறிப்புகளில் கிரிக்கெட் வருகிறது. அண்டைப் பண்ணைக்காரர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்துக்கு மூவராகப் பிரிந்து பணம் வைத்து ஆடுகிறார்கள். பிறகு பில்லியர்ட்ஸ் ஆடி, உணவு உண்கிறார்கள். அமெரிக்க மண்ணில் கிரிக்கெட் ஆடப்பட்டதற்குப் பெயரோடும் நாளோடும் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. பதினொருவர் அணி, நடுவர், எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாமல், வந்திருக்கும் ஆள்களை வைத்து ஆட்டத்தை அமைத்துக் கொண்டார்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

அதே நாட்குறிப்பில் அவரது வீட்டில் அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களுக்குக் கொடுத்த சவுக்கடிகளும் எழுதப்பட்டுள்ளன. காலையில் கிரிக்கெட் ஆடுவதற்கு அந்தக் கனவான்களுக்குக் கிடைத்த ஓய்வு, அந்த அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. அவர்கள் என்ன விளையாடினார்கள் என்பதைப் பேர்ட் எழுத நினைக்கவில்லை.

1751: செய்தித்தாளில் ஓர் ஆட்டம்

18ஆம் நூற்றாண்டின் நடுவில் கிரிக்கெட் நகரப் பொழுதுபோக்காக வளர்ந்தது. 1751இல் நியூயார்க் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி அந்நகரச் செய்தித்தாள் செய்தி வெளியிட்டது. லண்டன்காரர் பதினொருவரும் நியூயார்க்காரர் பதினொருவரும் மோதினர். ஆட்டம் லண்டன் முறைப்படி நடந்தது. நியூயார்க் அணி வென்றது. ஓட்ட எண்ணிக்கையும் அச்சிடப்பட்டது.

'லண்டன் முறை' என்று செய்தியாளர் தனியே குறிப்பிட்டதிலிருந்து, வேறு முறைகளும் வழக்கில் இருந்தன என்று ஊகிக்கலாம். இந்தச் சான்றில் யாரும் குறைப்படவில்லை. விளையாட்டு தன்னளவிலேயே செய்தியாகிவிட்டது. இது ஒரு முக்கியமான மாற்றம்.

1744 - 1787: சிறுவர் நூலில் பேஸ்பால்

'பேஸ்-பால்' என்ற பெயர் முதன்முதலில் அச்சில் வந்தது இங்கிலாந்தில். லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி 1744இல் வெளியிட்ட ஒரு சிறுவர் நூலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு படமும் சில அடிப் பாடலும் இருந்தன. கிரிக்கெட், ஸ்டூல்-பால் ஆகியவற்றோடு பேஸ்-பாலும் இடம்பெற்றது. பந்தை அடித்ததும் சிறுவன் அடுத்த கம்பத்துக்கு ஓடி, பின்னர் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதை அப்பாடல் விவரிக்கிறது. படத்தில் கம்பங்கள் உள்ளன, மட்டை இல்லை.

அதே காலத்தில் பெரியவர்களும் இதை ஆடினார்கள். 1749இல் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடெரிக் சர்ரே மாவட்டத்தில் இவ்விளையாட்டை ஆடியதாக லண்டன் செய்தித்தாள் ஒன்று எழுதியது. 1755இல் கில்ட்ஃபோர்ட் பகுதியைச் சேர்ந்த வில்லியம் பிரே என்ற இளைஞர், ஈஸ்டர் திங்களன்று ஆண்களும் பெண்களும் சேர்ந்து பேஸ்பால் ஆடியதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். பெண்கள் ஆடியதற்கும் அது ஒரு நேரடிச் சான்றாகும்.

நியூபெரியின் நூலை 1762இல் நியூயார்க்கில் ஹியூ கெய்ன் என்பவரும், 1787இல் மாசசூசெட்ஸின் வுஸ்டர் நகரில் ஐசையா தாமஸும் மறுபதிப்பாக விற்றனர். ஆகவே புரட்சிக்கு முன்பே அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்-பால் என்ற சொல்லை அச்சில் பார்த்திருக்க முடியும். நூலில் இருப்பதாலேயே அவ்வூர்ச் சிறுவர்கள் அதை ஆடினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆடியதற்கான சான்றை வேறிடத்தில் தேட வேண்டும்.

1778: வேலி ஃபோர்ஜ் முகாம்

அந்தச் சான்று ஒரு போர்வீரரின் நாட்குறிப்பில் உள்ளது. அமெரிக்கப் புரட்சிப் போரின்போது 1777-78 குளிர்காலத்தை ஜார்ஜ் வாஷிங்டனின் படை பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் முகாமில் கழித்தது. உணவும் உடையும் போதாமல், நோயால் ஏறத்தாழ 2000 வீரர்கள் அங்கு இறந்தனர். வசந்தம் வந்ததும் முகாம் மெல்ல மீண்டது.

நியூஜெர்சிப் படைப்பிரிவின் இளநிலை அலுவலர் ஜார்ஜ் ஈவிங், 1778 ஏப்ரல் 7 அன்று, பயிற்சியின் இடைவேளைகளில் 'பேஸ்' ஆடியதாக எழுதினார். அதே ஆண்டு மே 4 அன்று அவர் எழுதிய குறிப்பு இன்னும் புகழ்பெற்றது. தளபதி வாஷிங்டன், ஜெனரல் நாக்ஸுடன் உணவருந்திய பின், தங்களோடு 'விக்கெட்' ஆடித் தங்களைப் பெருமைப்படுத்தினார் என்கிறது அது.

விக்கெட் என்பது இங்கு ஒரு தனி விளையாட்டின் பெயர். கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பகுதிகளில் அது பரவியிருந்தது. கிரிக்கெட்டைப் போல இரு முனைகளில் இலக்குகள் இருக்கும். ஆனால் இலக்கு உயரமாக இல்லாமல் தரையோடு தரையாக நீண்டு கிடக்கும். பந்து பெரியது, மட்டை கனமானது.

'பேஸ்' என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கை தேவை. பந்தே இல்லாமல் ஓடிப் பிடிக்கும் ஒரு பழைய விளையாட்டுக்கும் ஆங்கிலத்தில் 'பேஸ்' என்று பெயர் உண்டு. ஈவிங் எழுதிய ஒரு சொல்லை மட்டும் வைத்து அதைப் பேஸ்பால் என்று முடிவு கட்ட இயலாது. விக்கெட் பற்றிய குறிப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

1786 - 1791: கல்லூரியும் தொழுகைக் கூடமும்

விடுதலைக்குப் பிந்திய சில ஆண்டுகளின் சான்றுகள் குடியேற்றக் கால வழக்கத்தின் தொடர்ச்சியைக் காட்டுகின்றன. 1786 மார்ச்சில் பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஜான் ரியா ஸ்மித், கல்லூரி வளாகத்தில் 'பேஸ்ட் பால்' ஆடித் தோற்றதாக எழுதினார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: பந்தைப் பிடிக்கவும் தவறினார், அடிக்கவும் தவறினார். பிடிப்பதும் அடிப்பதும் ஆட்டத்தில் இருந்தன என்பது இந்த ஒப்புதலால் நமக்குத் தெரிகிறது.

மறு ஆண்டு, 1787 நவம்பரில், அதே கல்லூரி ஆசிரியர் குழு மாணவர்கள் கோலும் பந்தும் கொண்டு ஆடும் விளையாட்டைத் தடை செய்தது. அது கனவான்களுக்குத் தகாதது, உடல் சூடாகிச் சட்டென்று குளிர்வதால் நலத்துக்குக் கேடு என்பவை காரணங்கள். ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்தத் தடையின் தொனி நன்கு பழக்கமானதே.

1791இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டு ஊர், புதிதாகக் கட்டிய தொழுகைக் கூடத்தின் சன்னல்களைக் காக்க ஒரு விதி இயற்றியது. கூடத்திலிருந்து 80 கஜத்துக்குள் விக்கெட், கிரிக்கெட், பேஸ்பால், பேட்பால், கால்பந்து, கேட், ஃபைவ்ஸ் ஆகிய எதையும், பந்து கொண்டு ஆடும் வேறு எதையும் ஆடக்கூடாது என்றது அது. இவற்றுள் கேட் என்பது நம் கிட்டிப்புள்ளுக்கு நெருங்கியது. ஃபைவ்ஸ் சுவரில் பந்தைக் கையால் அடிப்பது.

பேஸ்பால் என்ற பெயர் வட அமெரிக்காவில் எழுதப்பட்டதற்கு இது ஒரு மிகப் பழைய சான்று. 2004இல் வரலாற்றாய்வாளர் ஜான் தோர்ன் இதைக் கவனப்படுத்திய பிறகு பிட்ஸ்ஃபீல்டு உலகச் செய்தியானது. ஒரு சிற்றூரில் ஏழு விளையாட்டுகளைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது என்றால், ஊர் மக்களுக்கு அவற்றின் வேறுபாடு தெரிந்திருந்தது என்று பொருள். தடைக்கு முன்பு பல ஆண்டுகள் அவை ஆடப்பட்டு வந்திருக்க வேண்டும்.

டபிள்டே கதை எப்படி வந்தது?

இத்தனை சான்றுகள் இருந்தும் 1839 கதை ஏன் நிலைத்தது? விளையாட்டுப் பொருள் வணிகரான ஆல்பர்ட் ஸ்பால்டிங் பேஸ்பால் முற்றிலும் அமெரிக்காவில் பிறந்தது என்று நிறுவ விரும்பினார். இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டுச் செய்தியாளர் ஹென்றி சாட்விக், அது ஆங்கிலேயரின் 'ரவுண்டர்ஸ்' ஆட்டத்திலிருந்து வந்தது என்றார். இதைத் தீர்க்க 1905இல் ஆப்ரகாம் மில்ஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது.

ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் எழுதிய கடிதத்தை நம்பி, 1907 இறுதியில் அக்குழு டபிள்டேயைக் கண்டுபிடிப்பாளர் என்று அறிவித்தது. 1839இல் கிரேவ்ஸுக்கு 5 வயது. டபிள்டே அந்த ஆண்டு வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவர். 1893இல் இறக்கும் வரை, தாம் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. உள்நாட்டுப் போரின் தளபதி ஒருவர் தேசிய விளையாட்டின் தந்தை என்பது கேட்க நன்றாக இருந்தது; அதுவே போதுமானதாகிவிட்டது. 1939இல் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

சாட்விக்கின் கருத்திலும் சிக்கல் உண்டு. ரவுண்டர்ஸ் என்ற பெயர் அச்சில் வருவது 1828இல். பேஸ்-பால் என்ற பெயரோ 1744இலேயே வந்துவிட்டது. டேவிட் பிளாக் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த முரணைச் சுட்டியது. பல உறவு விளையாட்டுகள் ஊருக்கு ஊர் மாறி வளர்ந்தன. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் மன்றம் எழுதிய விதிகள் அவற்றுள் ஒரு வடிவத்தை நிலைப்படுத்தின என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் விளக்கம்.

இந்தியாவில் இதே காலச் சான்று

இந்தியாவில் கிரிக்கெட் பற்றிய முதல் எழுத்துச் சான்றும் இதே காலத்தைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் பணியாற்றிய கிளெமென்ட் டவுனிங், 1721இல் குஜராத்தின் கம்பாத் கடற்பகுதியில் தம் படகு இரண்டு வாரம் தங்கியிருந்தபோது மாலுமிகள் நாள்தோறும் கிரிக்கெட் ஆடியதை எழுதியுள்ளார். அவரது நூல் 1737இல் வெளியானது. சுற்றிலும் கோலி மக்கள் வாழ்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். கரையில் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஏடு இல்லை. சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தோன்றியது 1846இல், அதாவது 125 ஆண்டுகள் கழித்து.

சான்றுகளைப் படிக்கும் முறை

மேலே கண்டவற்றை மாணவர்கள் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். பெவர்வைக் ஆணை, பிரின்ஸ்டன் தடை, பிட்ஸ்ஃபீல்டு விதி ஆகியவை தடுத்தவர்களின் ஏடுகள். பிராட்ஃபோர்டின் குறிப்பும் இவ்வகையே. பேர்ட், பிரே, ஈவிங், ஸ்மித் ஆகியோர் ஆடியவர்கள். 1751 செய்தியும் நியூபெரியின் நூலும் பொதுமக்களுக்காக அச்சிடப்பட்டவை. முதல் வகை, ஒரு விளையாட்டு எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும். எப்படி ஆடினார்கள் என்பதைச் சொல்லாது. இரண்டாம் வகை ஆடியவரின் அனுபவத்தைச் சொல்லும். ஆனால் எழுதத் தெரிந்த, எழுத ஓய்வு இருந்தவர்களின் அனுபவம் மட்டுமே. மூன்றாம் வகை பெயர்களையும் நாள்களையும் தரும். அச்சகம் இல்லாத ஊர்களை விட்டுவிடும்.

முதல் சான்று என்பது முதல் ஆட்டம் அன்று. 1791 விதியைப் படித்துவிட்டு, பேஸ்பால் 1791இல் தோன்றியது என்று எழுதும் மாணவரும், 1839 என்று அறிவித்த மில்ஸ் குழுவும் செய்வது ஒரே பிழைதான். ஒரு விளையாட்டின் பிறந்த நாளைத் தேடுவதை விட, அதைப் பற்றி முதலில் எழுதியவர் யார், எந்தத் தேவைக்காக எழுதினார் என்று கேட்பது பயன் தரும். பிட்ஸ்ஃபீல்டு ஊரார் தங்கள் சன்னல்களைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையால்தான், பெயர் தெரியாத அவ்வூர் இளைஞர்கள் பேஸ்பால் ஆடியது இன்று நமக்குத் தெரிகிறது.